ஸ்ரோக்சின் விதியும் அதன் இரு கரைகளும்: வளித்தடை, முடிவு வேகம் பற்றிய ஒரு விளக்கம்

"வளித்தடையைப் புறக்கணிக்க" என்னும் தொடர் நமது உயர்தர வகுப்புப் பௌதிக வினாக்களின் ஈற்றில் வழக்கமாகக் காணப்படுவது. கணக்கை எளிதாக்கும் பொருட்டு இடப்படும் நிபந்தனை என்ற அளவில் அதிற் குற்றமில்லை. ஆயின் இரண்டு ஆண்டுகள் இத்தொடரோடு பழகிய மாணவன், வளித்தடை என்பது இயற்கையின் நேர்த்தியான விதிகளுக்கு இடையே வந்து குழப்பம் விளைவிக்கும் அற்ப விடயம் என்ற எண்ணத்தோடு வெளியேறுகின்றான். இரண்டு கிலோமீற்றர் உயரத்திலுள்ள முகிலிலிருந்து வீழும் மழைத்துளியொன்றிற்கு இந்நிபந்தனையைப் பிரயோகித்துப் பார்ப்போம். அத்துளி நிலத்தை அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், இருத்தல் வேண்டும். உண்மையில் 2 மில்லிமீற்றர் விட்டமுடைய துளி செக்கனுக்கு 6.5 மீற்றர் வேகத்திலேயே நம்மை வந்தடைகின்றது. புறக்கணிக்கப்பட்ட "அற்ப விடயம்" விடையை முப்பது மடங்கு மாற்றிவிடுகின்றது.

இதனினும் பாரதூரமான பிழையொன்று உண்டு. வளித்தடையைக் கருத்திற் கொள்ளுமாறு பணிக்கப்பட்டதும், பாடத்திட்டத்திற் பிசுக்குமை என்னும் தலைப்பின் கீழ்க் கற்ற ஸ்ரோக்சின் விதியை எடுத்து எப்பொருளுக்கும் பிரயோகித்துவிடுதலே அது. விதியொன்றின் சூத்திரத்தை அறிதல் வேறு. அவ்விதி எந்த எல்லைக்குள் உண்மையாகின்றது என அறிதல் வேறு. பின்னையதைக் கற்பிக்காத கல்வி சூத்திரங்களை மந்திரங்களாக்கிவிடுகின்றது. ஸ்ரோக்சின் விதிக்குப் பெரிய பொருள்களின் பக்கம் ஓர் எல்லையும், மிகச் சிறிய பொருள்களின் பக்கம் மற்றோர் எல்லையும் உள்ளன. அவ்விரு எல்லைகளையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் முடிவு வேகம் என்பதன் பொருளைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். ஓய்விலிருந்து விழத் தொடங்கும் பொருளின் மீது தொடக்கத்தில் அதன் நிறையும், வளியின் சிறிய மேலுதைப்புமே தாக்குகின்றன. வேகம் கூடும்தோறும் இயக்கத்திற்கு எதிரான தடைவிசை கூடுகின்றது. எனவே விளையுள் விசையும், அதன் விளைவான ஆர்முடுகலும் குறைகின்றன. தடைவிசையும் மேலுதைப்பும் சேர்ந்து நிறைக்குச் சமனாகும்போது ஆர்முடுகல் பூச்சியமாகின்றது. அதன் பின் பொருள் மாறா வேகத்துடன் வீழ்கின்றது. இதுவே முடிவு வேகம். இந்நிலையில் "விசை எதுவும் தாக்குவதில்லை" என மாணவர் எழுதுவதுண்டு. விசைகள் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் விளையுளே பூச்சியமாகும். கண்டிப்பாக நோக்கின் பொருள் முடிவு வேகத்தை ஒருபோதும் முற்றாக அடைவதில்லை, அதனை அணுகிக்கொண்டே செல்கின்றது. எனினும் அவ்வணுகல் மிக விரைவானது. மேற்கூறிய மழைத்துளி 9 மீற்றர் விழுவதற்குள் தன் முடிவு வேகத்தில் 99 வீதத்தைப் பெற்றுவிடும். எஞ்சிய தூரம் முழுவதிலும் புவியீர்ப்புச் செய்யும் வேலை துளியின் இயக்கசக்தியைக் கூட்டுவதில்லை. அது வளியைக் கலக்கி, ஈற்றில் வெப்பமாகின்றது.

இக்கருத்துப் புதியதன்று. பாரமான பொருள் விரைவாக விழும் என்றும், ஊடகம் அடர்த்தியாயின் வேகம் குறையும் என்றும் அரிஸ்ரோற்றில் கூறியதை நாம் ஏளனத்துடனேயே நினைவுகூருகின்றோம். நீரிலும் எண்ணெயிலும் விழும் பொருள்களை நோக்குவோனுக்கு அக்கூற்று முழுப் பொய்யாகத் தோன்றாது; சமபருமனுள்ள இரு கோளங்களுள் பாரமானதற்கே முடிவு வேகம் அதிகம். அவர் தவறியது, ஊடகத்தின் செயலையும் புவியீர்ப்பின் செயலையும் வேறுபிரித்துக் காணாமையில். அதனைப் பிரித்துக் காட்டியவர் கலிலியோ. 1638 இல் வெளிவந்த தமது நூலில், எதிர்ப்பு இல்லாவிடின் எல்லாப் பொருள்களும் ஒரே விதமாக விழும் எனக் கூறியதோடு, வேகம் கூடக் கூட ஊடகத்தின் எதிர்ப்பும் கூடி ஈற்றில் இயக்கம் சீராகும் என்பதையும் அவர் கூறினார். முதற் கூற்றை மட்டுமே பாடநூல்கள் நமக்குத் தந்தன. 1971 இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொற் வளியற்ற சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விழவிட்டுக் காட்டியதும் அந்த முதற் கூற்றையே.

தடைவிசை வேகத்தோடு எவ்வாறு கூடுகின்றது? இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. இங்கேதான் விடயம் சுவையுடையதாகின்றது. வளி இயக்கத்தை இரண்டு வகையில் எதிர்க்கின்றது. முதலாவது, வளிக்குத் திணிவு உண்டு. செல்லும் பொருள் தன் பாதையிலுள்ள வளியை ஒதுக்கித் தள்ளியே முன்னேற வேண்டும். வேகம் இருமடங்காயின் ஒரு செக்கனிற் தள்ளப்படும் வளியின் திணிவு இருமடங்காகும்; அவ்வளிக்குக் கொடுக்கப்படும் வேகமும் இருமடங்காகும். ஆகவே ஒரு செக்கனில் வழங்கப்படும் உந்தம் நான்கு மடங்காகின்றது. அதாவது தடை வேகத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகும். இது வளியின் சடத்துவத்தால் விளையும் தடை. இரண்டாவது, வளி பிசுக்குமை உடையது. பொருளின் மேற்பரப்பை ஒட்டிய வளிப்படை அதனுடன் செல்ல, அடுத்த படைகள் ஒன்றையொன்று உராய்ந்து பின்தங்குகின்றன. இவ்வுராய்வினால் விளையும் தடை வேகத்திற்கே விகிதசமமாகும். அதன் வர்க்கத்திற்கு அன்று.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் 1851 இல் வெளியிட்டது இவ்விரண்டாவது வகைக்கான விதி. கோளத்தின் மீதான தடைவிசை 6, பை, பிசுக்குமைக் குணகம், ஆரை, வேகம் ஆகிய ஐந்தினதும் பெருக்கத்திற்குச் சமன் என்பது அது. அவர் அக்கட்டுரையை எழுதப் புகுந்தது ஊசல்களின் அசைவு வளியினால் எவ்வாறு தணிகின்றது என்பதை ஆராய்வதற்காக. எனினும் முகில்களிலுள்ள நுண்துளிகள் ஏன் விழாது மிதப்பனபோலத் தோன்றுகின்றன என்பதற்கும் அவ்விதியே விளக்கமாவதை அவர் அப்போதே கண்டார். சடத்துவம் முழுவதையும் ஒதுக்கிவிட்டே அவர் கணித்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. விதியின் எல்லை அவ்வெடுகோளிலேயே அடங்கியுள்ளது.

இரு தடைகளுள் எது மேலோங்கும் என்பதைத் தீர்மானிப்பதற்கு ஓர் எண் உண்டு. வளியின் அடர்த்தி, வேகம், பொருளின் விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பிசுக்குமைக் குணகத்தால் வகுத்தால் அலகற்ற எண் ஒன்று கிடைக்கும். 1883 இல் மான்செஸ்ரர் பேராசிரியர் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் நிறச்சாயம் செலுத்தி, அமைதியான ஓட்டம் எப்போது கொந்தளிப்பாகின்றது என்பதை ஆராய்ந்தபோது இவ்வெண்ணின் முதன்மையைக் காட்டினார். எனவே அது அவர் பெயரால் வழங்குகின்றது. கோளமொன்றிற்கு ரெனோல்ட்ஸ் எண் 1 இலும் நன்கு குறைவாயின் ஸ்ரோக்சின் விதி செல்லும். அது ஏறத்தாழ ஆயிரம் தொடக்கம் இரண்டு இலட்சம் வரை உள்ள வீச்சில் வேகவர்க்க விதி செல்லும். அவ்வீச்சில் வளியின் அடர்த்தி, குறுக்குவெட்டுப் பரப்பு, வேகவர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தின் அரைவாசியை இழுவைக் குணகத்தாற் பெருக்கத் தடைவிசை கிடைக்கும். கோளத்திற்கு அக்குணகம் 0.4 இற்கும் 0.5 இற்கும் இடைப்பட்டது. இரு எல்லைகளுக்கும் நடுவேயுள்ள வீச்சுக்கு இத்தகைய எளிய சூத்திரம் இல்லை. பரிசோதனை வளையிகளையே நாடல் வேண்டும்.

வேகவர்க்க விதியின் மூலவர் நியூற்றன். 1687 இல் வெளிவந்த அவரது "பிரின்சிப்பியா" நூலின் இரண்டாம் பாகம் முழுவதும் ஊடகங்களில் நிகழும் இயக்கம் பற்றியதே. அந்நூலின் பிற்பதிப்புகளில் அவர் சேர்த்துக்கொண்ட பரிசோதனைகள் இரண்டு, இலண்டனில் அக்காலத்திற் புதிதாகக் கட்டிமுடிக்கப்பட்ட புனித போல் பேராலயத்தினுள் நடைபெற்றவை. 1710 ஜூனில் 220 அடி உயரத்திலிருந்து கண்ணாடிக் கோளங்கள் விழவிடப்பட்டன. இரசம் நிரப்பியவை 4 செக்கனிலும், வளி மட்டுமே கொண்டவை அதன் ஏறத்தாழ இருமடங்கு நேரத்திலும் நிலத்தை அடைந்தன. 1719 ஜூலையில் டெசாகுலியே என்பார் பன்றியின் சிறுநீர்ப்பைகளை உட்குடைந்த மரக் கோளத்தினுள் வைத்து ஊதி உருண்டையாக்கி, 272 அடி உயரத்திலிருந்து ஈயக் குண்டுகளுடன் ஒருங்கே விழவிட்டார். ஈயம் நாலேகால் செக்கனில் விழுந்தது. வெற்றிடத்தில் அத்தூரத்திற்கு வேண்டிய நேரம் 4.1 செக்கனே, ஆகவே ஈயத்தைப் பொறுத்தவரை "வளித்தடையைப் புறக்கணிக்க" என்பது நியாயமே. சிறுநீர்ப்பைகளோ 17 தொடக்கம் 22 செக்கன் வரை எடுத்தன.

அப்பைகளுள் ஒன்றன் நிறை 97½ கிறெயின், விட்டம் 5.26 அங்குலம், விழுந்த நேரம் 22 செக்கன். இவ்வெண்களை மாணவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். நிறை ஏறத்தாழ 6.3 கிராம், விட்டம் 13.4 சென்ரிமீற்றர், தூரம் 83 மீற்றர். வளியின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1.2 கிலோகிராம் எனவும், இழுவைக் குணகத்தை 0.5 எனவும் கொண்டு நிறையையும் தடையையும் சமப்படுத்தினால், முடிவு வேகம் செக்கனுக்கு 3.8 மீற்றர் என வரும். (வளியில் நிறுத்துப் பெற்ற நிறையாதலின் மேலுதைப்பைத் தனியே கழிக்க வேண்டியதில்லை.) 83 மீற்றரை 22 ஆல் வகுத்துப் பாருங்கள்: செக்கனுக்கு 3.8 மீற்றர்! முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊசல் கொண்டு அளந்த காலத்தோடு இவ்வளவு பொருத்தம் ஏற்படுதல் வியப்பிற்குரியது. கோளத்திற்கு நியூற்றன் பெற்ற தடையை இன்றைய மொழியிற் கூறின், அவர் பெற்ற குணகமும் 0.5 ஆகும். அதனைப் பெற அவர் கையாண்ட நியாயம் இன்று ஏற்கத்தக்கதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதே சிறுநீர்ப்பைக்கு ஸ்ரோக்சின் விதியைப் பிரயோகித்தால் என்னாகும்? முடிவு வேகம் செக்கனுக்கு 2,700 மீற்றருக்கு மேல் வரும். துப்பாக்கிக் குண்டை விஞ்சும் வேகத்தில் ஊதிய பை ஒன்று விழுவதாக விடை வருகின்றது! இங்கு ரெனோல்ட்ஸ் எண் முப்பதாயிரத்திற்கு மேற்பட்டது. பிசுக்குமை அடக்கமான பங்கையே வகிக்கின்றது. சிறுநீர்ப்பையின் விடை எவருக்கும் நகைப்பைத் தருமாதலின் அதில் ஆபத்தில்லை. மழைத்துளியின் விடை அத்தகையதன்று. 2 மில்லிமீற்றர் விட்டத் துளிக்கு ஸ்ரோக்சின் விதி தரும் வேகம் செக்கனுக்கு 120 மீற்றர். இவ்வெண் மாணவனின் மனத்தில் ஐயம் எதனையும் எழுப்பாமலே விடைத்தாளில் இடம்பெற்றுவிடக்கூடும். வேகவர்க்க விதியோ 6.6 தருகின்றது, அளந்து கண்டது 6.5. ஆகவே ஸ்ரோக்சின் விதியால் ஒரு வேகத்தைக் கணித்ததும், அவ்வேகத்தைக் கொண்டே ரெனோல்ட்ஸ் எண்ணையும் கணித்தல் வேண்டும். அது 1 ஐ மீறுமாயின் பெற்ற விடையைக் கைவிடல் வேண்டும். இந்த ஒரு வரிச் சோதனையை வினாத்தாள்கள் கோருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

முகிற்றுளியை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு ஆரையுடைய நீர்த்துளிக்கு ஸ்ரோக்சின் விதி தரும் வேகம் செக்கனுக்கு 1.2 சென்ரிமீற்றர், ரெனோல்ட்ஸ் எண் 0.02 இலும் குறைவு. விதி இங்கே தன் சொந்த மண்ணில் நிற்கின்றது. மிகச் சிறிய மேலெழும் காற்றோட்டமும் இத்துளியைத் தாங்கப் போதுமானது. துளிகள் ஒன்றிணைந்து பருக்கும்போது வேகம் முதலில் ஆரையின் வர்க்கத்தோடும், பின்னர் ஆரையின் வர்க்கமூலத்தோடும் மட்டுமே கூடுகின்றது. 1 மில்லிமீற்றர் விட்டத்தில் செக்கனுக்கு 4 மீற்றர். 2 இல் 6.5, 5 இல் 9.1. அதற்கு மேற் பருத்த துளி வளியின் அழுத்தத்தால் அடிப்புறம் தட்டையாகி ஈற்றில் உடைந்துவிடுகின்றது. படங்களில் வரையப்படும் கூர்முனை மழைத்துளி இயற்கையில் இல்லை.

இவ்வர்க்கமூல உறவிலிருந்து உயிரியலுக்கும் ஒரு பாடம் கிடைக்கின்றது. ஒரே வடிவும் அடர்த்தியும் உள்ள பொருள்களுள், நீளம் இருபதிலொன்றாகக் குறையின் முடிவு வேகம் ஏறத்தாழ நாலரையிலொன்றாகும். மனிதனின் முடிவு வேகம் செக்கனுக்கு 55 மீற்றர் அளவினதாயின், எலியினது 12 மீற்றர் அளவினதாகும். ஒரு கிலோகிராமுக்கு உறிஞ்ச வேண்டிய மோதற் சக்தியோ இருபதிலொன்று. ஆழமான சுரங்கத்தில் விழும் சிற்றெலி எழுந்து நடப்பதையும், பெரிய விலங்குகள் சிதைவதையும் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926 இல் உயிரினங்களின் சரியான பருமன் பற்றிய தமது கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அறிவியலை உழைக்கும் மக்களின் நாளேட்டில் எழுதிய அம்மார்க்சியவாதி 1957 இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, 1964 இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார்.

வளித்தடையின் வரலாற்றில் நமது பிரதேசத்தோடு தொடர்புற்ற மற்றொருவரும் உண்டு, அத்தொடர்பு பெருமைக்குரியதன்று. பெஞ்சமின் றொபின்ஸ் என்பார் 1742 இல் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய நூலில், தொங்கவிட்ட கனத்த பலகையிற் குண்டைப் பாய்ச்சி, அது ஊசல்போல் அசையும் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணிக்கும் முறையை விளக்கினார். வெவ்வேறு தூரங்களில் இவ்வாறு அளந்தபோது, விரைந்து செல்லும் குண்டின் மீதான தடை அதன் நிறையை எத்தனையோ மடங்கு விஞ்சுவது வெளிப்பட்டது. கலிலியோவின் அழகிய பரவளைவு பீரங்கிக்குப் பயன்படாது போயிற்று. றொபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக அமர்த்தப்பட்டுச் சென்னைக் கரைக்கு வந்து, கம்பனியின் கோட்டைகளைப் பலப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 1751 இல் கடலூருக்கு அண்மையிலுள்ள புனித டேவிட் கோட்டையில் இறந்தார். தூய அறிவு என நாம் கற்கும் சூத்திரங்களுட் சில எத்தேவையின் பொருட்டுப் பிறந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி மற்றைய கரைக்கு வருவோம். சிறிய பொருளாயின் ஸ்ரோக்சின் விதி என்றும் செல்லும் என எண்ணத் தோன்றும். அதுவும் சரியன்று. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் மிலிக்கன் எண்ணெய்த் துளிப் பரிசோதனையால் இலத்திரனின் ஏற்றத்தை அளக்க முற்பட்டபோது இவ்வுண்மை நேராக வெளிப்பட்டது. அப்பரிசோதனையில் அளக்கப்பட்டது அடிப்படையில் முடிவு வேகமே. நுணுக்குக்காட்டியில் துளி ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரியும். அதன் ஆரையை நேரே அளத்தல் இயலாது. அது குறித்த தூரம் விழும் நேரத்திலிருந்து முடிவு வேகத்தையும், அதிலிருந்து ஸ்ரோக்சின் விதியால் ஆரையையும், ஆரையிலிருந்து நிறையையும் பெறலாம். பின் மின்புலத்தைச் செலுத்தித் துளி மேலெழும் வேகத்தை அளந்தால் ஏற்றம் கிடைக்கும்.

ஆனால் துளிகள் சிறுக்கும்தோறும் ஏற்றத்தின் பெறுமானம் பொருந்தாது விலகிச் சென்றது. காரணம் யாதெனில், ஸ்ரோக்ஸ் வளியைத் தொடர்ச்சியான பாயியாகக் கொண்டார். வளியோ மூலக்கூறுகளால் ஆனது. மூலக்கூறொன்று அடுத்த மோதலுக்கு முன் செல்லும் சராசரித் தூரம் ஒரு மைக்ரோமீற்றரின் நூறில் ஏழு பங்கு அளவினது. துளியின் ஆரை ஒரு மைக்ரோமீற்றராகும்போது இத்தூரம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. வளிப்படை துளியின் மேற்பரப்பில் ஒட்டாது ஓரளவு வழுக்கிச் செல்கின்றது. துளி விதி கூறுவதைவிட ஏறத்தாழ 8 வீதம் விரைவாக விழுகின்றது. 1910 இல் கணிங்காம் இதற்கான திருத்தத்தைக் கொள்கையளவில் வகுத்தார்; மிலிக்கன் அதன் மாறிலியைத் தமது துளிகளிலிருந்தே கண்டறிந்து 1913 இல் முடிவை வெளியிட்டார். விதி தன் எல்லையில் முறிவதையே அளவீட்டின் கருவியாக்கியமை அப்பரிசோதனையின் உண்மையான சிறப்பு எனலாம்.

இப்பணியில் மிலிக்கனின் ஆய்வு மாணவரான ஹார்வி பிளெச்சரின் பங்கு நெடுங்காலம் வெளித்தெரியாதிருந்தது. 1910 இன் முதன்மைக் கட்டுரை மிலிக்கனின் பெயரில் மட்டுமே வெளிவந்தது. 1923 இல் நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. எண்ணெயைக் கொண்டு முதற் கருவியை அமைத்தது தாமே என்றும், கட்டுரைகளின் ஆசிரியர் பெயர்கள் பற்றிய பங்கீடு ஆசிரியரின் யோசனைப்படி நிகழ்ந்தது என்றும் பிளெச்சர் எழுதிவைத்த குறிப்பு, 1981 இல் அவர் மறைந்த பின்னர் 1982 இலேயே அச்சேறியது. அக்குறிப்பில் கசப்புணர்ச்சி இல்லை. எனினும் ஆய்வுகூடத்தில் உழைப்பு யாருடையது, பெயர் யாருடையது என்னும் வினா பல்கலைக்கழகங்களைச் சார்ந்த நமக்கு அந்நியமானதன்று.

மிலிக்கனின் பெறுமானம் இன்றைய அலகில் 1.592 எனத் தொடங்குவது. சரியான பெறுமானம் 1.602 எனத் தொடங்குவது (இரண்டும் ஒரு கூலோமின் பத்தின் பத்தொன்பதாம் அடுக்கில் ஒரு பங்கில் அளக்கப்பட்டவை). 0.6 வீதமான இவ்வேறுபாட்டின் மூலம் துளிகளிலோ மின்புலத்திலோ இருக்கவில்லை. 1930களில், ஊடுகதிர் கொண்டு பளிங்குகளை ஆராய்ந்து பெற்ற ஏற்றப் பெறுமானம் மிலிக்கனுடையதோடு முரண்பட்டபோது, அவர் பயன்படுத்திய வளியின் பிசுக்குமைக் குணகம் அரை வீதமளவு குறைவானது எனத் தெரியவந்தது. ஸ்ரோக்சின் விதி வழியாகக் கணிக்கையில் ஏற்றம் பிசுக்குமையின் ஒன்றரையாம் அடுக்கிற்கு விகிதசமமாகின்றது. ஆகவே வளியின் உராய்வை அளப்பதில் நேர்ந்த சிறு பிழை பெருகி இலத்திரனின் ஏற்றத்தினுட் புகுந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கியிருந்தது. 2019 தொடக்கம் இலத்திரனின் ஏற்றம் வரையறையாலேயே நிலைநிறுத்தப்பட்டுள்ளது. இன்று ஆய்வுகூடமொன்றில் அதே பரிசோதனையைச் செய்யும் மாணவன், விரும்பினால், கணக்கைத் தலைகீழாக நடத்தி, தன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு வளியின் பிசுக்குமையை அளந்துகொள்ளலாம்.